குளத்துக் கூட்டத்தில் வெள்ளத்துக்கும் ஒரு கதிரை

கேள்வி:

ஐயா, எங்கள் ஊர் இரணைமடுக் குளத்துக்குக் கீழே, ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிறது. நான் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். அதனால் கிராம அனர்த்த முகாமைத்துவக் குழுவிலும் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். குழு இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. மேலங்கிகள், கை ஒலிபெருக்கி, முதலுதவிப் பெட்டி எல்லாம் பொதுநோக்கு மண்டபத்து அலுமாரியில் இருக்கின்றன. கூட்டம் என்றால் ஒரு உத்தியோகத்தர் வருவார், ஒரு மணித்தியாலம் பேசுவார். பிறகு ஊரில் எப்போதும் பேசுகிற இரண்டு மூன்று பேர் பேசுவார்கள். தேநீர் குடித்து, கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். போன மாரியில் தண்ணீர் வந்த இரவு அந்த அலுமாரியின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்றே ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு பக்கமாக ஓடினோம்.

இறுதிப் போரில் மாத்தளன், முள்ளிவாய்க்கால் வரை போய் வந்த சனம் நாங்கள். ஓடத் தெரியாதவர்கள் இல்லை. சேர்ந்து யோசிக்கத்தான் தெரியவில்லைப் போல. எல்லாரையும் பேசவைத்து, முடிவும் எடுக்கிற மாதிரி ஒரு கூட்டத்தை எப்படி நடத்துவது? இன்னொன்று: என் மாமி தன் நாலு மாட்டையும் விட்டுவிட்டு எங்கும் வரமாட்டேன் என்கிறா. அவவை என்ன செய்வது?

— கிளிநொச்சி மாவட்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சேர்ந்து யோசிக்கத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வன்னிச் சனத்துக்குக் கூடிப் பேசி முடிவெடுக்கத் தெரியும் என்பதற்குச் சாட்சி ஒவ்வொரு வருடமும் காலபோக விதைப்புக்கு முன் நடக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்கள் என்றால் அரசாங்க அதிபர் தலைமையில் நடக்கும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் வருவார், கமநல சேவை ஆட்கள் வருவார்கள், கமக்காரர் அமைப்புகள் வரும். சத்தம் இருக்கும், சண்டை இருக்கும், பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். ஆனால் கூட்டம் கலையும்போது கையில் திகதிகள் இருக்கும். விதைப்பு எப்போது, எத்தனை மாத நெல், முதல் தண்ணீர் எப்போது, கடைசித் தண்ணீர் எப்போது, மாடுகளை எந்த நாளிலிருந்து கட்டவேண்டும், கட்டாவிட்டால் என்ன. சிறுபோகம் என்றால் இன்னும் கடினம்: இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கவேண்டும். அதையும் செய்கிறார்கள். அந்த முடிவுகளுக்குச் சட்ட வலுவும் உண்டு.

உங்கள் அனர்த்தக் குழுவும் அதே ஆட்கள்தானே? அங்கே பேச வாய் இருந்தவர்களுக்கு இங்கே ஏன் இல்லை? என் விளக்கம் எளிது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுக்க ஒரு கேள்வி இருக்கிறது. அனர்த்தக் கூட்டத்தில் கேள்வி இல்லை, அறிவுரை மட்டும் இருக்கிறது. ‘வெள்ளம் வந்தால் உயரமான இடத்துக்குப் போகவும்’ என்று ஒருவர் சொன்னால் அதற்கு மறுத்துப் பேச என்ன இருக்கிறது? தலையாட்டத்தான் முடியும். ‘எந்த வீடு முதலில் கிளம்பவேண்டும், எந்த அடையாளத்தைக் கண்டு, யாருடைய லான்ட்மாஸ்டரில்?’ என்று கேட்டுப் பாருங்கள். லான்ட்மாஸ்டர்காரர் நிச்சயம் வாய் திறப்பார்.

2018 டிசம்பரை நினைவுபடுத்துகிறேன். புனரமைத்த இரணைமடு அந்த மாதத் தொடக்கத்தில்தான் விழாவோடு மக்களிடம் கையளிக்கப்பட்டது. 34 அடிக் கொள்ளளவு 36 அடியாகியிருந்தது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. சிறுபோகத்தில் கூடுதல் ஏக்கர் செய்யலாம் என்ற கணக்கு எல்லாருடைய மனத்திலும் ஓடியது. 21ஆம் திகதி இரவு கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டிலும் மழை கொட்டியது. வான்கதவுகள் திறந்தன. பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளைப் பக்கமெல்லாம் தண்ணீர். பல்லாயிரம் பேர் பாடசாலைகளிலும் பொதுமண்டபங்களிலும் இருந்தார்கள். கதவு பிந்தித் திறந்ததா, குளத்தை விளிம்பு வரை நிரப்பி வைத்தது சரியா என்ற வாக்குவாதம் மாதக்கணக்கில் நடந்தது. ஆளுநர் விசாரணைக் குழு வைக்கவேண்டி வந்தது. யார் சரி, யார் பிழை என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எனக்குப் பட்டது வேறு. அந்த வாக்குவாதம் முழுவதும் வெள்ளம் வந்த பிறகு நடந்தது. அதில் ஒரு பங்காவது புரட்டாதியில், பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நடந்திருந்தால்?

பாருங்கள், குளத்துக்கு இரண்டு கணக்கு இருக்கிறது. மாரியில் மறிக்கிற ஒவ்வொரு அடித் தண்ணீரும் சிறுபோகத்துக்கு நெல். அதே அடியைக் காலியாக விட்டால் அது வெள்ளத்துக்கு இடம். நெல்லுக்காகப் பேசுகிறவர்களுக்குக் கமக்காரர் அமைப்பு இருக்கிறது, கூட்டத்தில் கதிரை இருக்கிறது. வெள்ளத்துக்காகப் பேசவேண்டியவர்கள் யார்? ஆற்றங்கரையில் அரை ஏக்கர் குடிநிலத்தில் இருப்பவர்கள், வயல் இல்லாமல் கூலிக்குப் போகிறவர்கள், தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண்கள். அவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமே இல்லை, ஏனென்றால் அவர்களிடம் வாய்க்கால் தண்ணீர் பாயும் காணி இல்லை. வெள்ளம் மட்டும் அவர்கள் வீட்டுக்குத்தான் முதலில் போகிறது. சில வீடுகளில் ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் நட்டம்: மேட்டில் வயல், பள்ளத்தில் வீடு. அப்படிப்பட்டவரைக் கூட்டத்தில் பேசவிட்டுப் பாருங்கள், மற்ற எல்லாரும் தங்கள் கணக்கைத் திரும்பப் பார்ப்பார்கள்.

அதனால் என் முதல் யோசனை கூட்டம் நடத்தும் முறையைப் பற்றியே அல்ல. அனர்த்தக் கூட்டத்தைத் தனியாக வைக்காதீர்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முந்திய வாரம் ஊரில் கூடுங்கள். அங்கே எடுத்த முடிவை ஒரு தாளில் எழுதி, இரண்டு பேர் பெரிய கூட்டத்துக்குக் கொண்டுபோய் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த இரண்டு பேரில் ஒருவராவது காணி இல்லாதவராக இருக்கட்டும். கதவைத் திறப்பது ஊர் வாக்கெடுத்துச் செய்கிற வேலை அல்ல, அது பொறியியலாளரின் பொறுப்பு, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தொடங்கி, முல்லைத்தீவைக் கடந்து, இரணைமடுவில் தேங்கி, பிறகு சுண்டிக்குளம் பக்கமாகப் போகிறது. மூன்று மாவட்டத்து மழையையும் பார்த்து எடுக்கவேண்டிய முடிவு அது. உங்கள் ஊர் கேட்கவேண்டியது வேறு: கதவு திறக்கப்படப் போகிறது என்ற செய்தி எங்களுக்கு யார் வழியாக, எத்தனை மணித்தியாலத்துக்கு முதல் வரும்? இரவு என்றால் யார் யாரை எழுப்புவார்? இதற்கு ஒரு பதில் கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டால் அடுத்த மாரியில் அதைக் காட்டிக் கேட்கலாம்.

இனி நீங்கள் கேட்ட விஷயம், எல்லாரையும் பேசவைப்பது. இதற்கு உலகத்தில் பலர் மண்டையை உடைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் 1950களில் நோர்மன் டால்கி, ஓலாஃப் ஹெல்மர் முதலானோர் ஒரு வழி கண்டார்கள். நிபுணர்களை ஒரே மேசையில் உட்காரவைத்தால் பெரிய பதவிக்காரர் சொல்வதைத்தான் மற்றவர்கள் சொல்கிறார்கள் என்று பார்த்து, ஆளுக்கு ஆள் தனியாக, பெயர் இல்லாமல் எழுதி வாங்கினார்கள். எல்லாவற்றையும் தொகுத்துத் திருப்பி அனுப்பினார்கள், ‘இப்போது என்ன நினைக்கிறீர்கள்?’ என்று மறுபடி கேட்டார்கள். டெல்ஃபி முறை என்று அதற்குப் பெயர். பெயரைக் கண்டு பயப்படவேண்டாம். உங்கள் ஊரில் அதைப் புளியங்கொட்டையால் செய்யலாம்.

எப்படி என்றால், முதலில் மண்டபத்து முற்றத்தில் ஊரை வரையுங்கள். ஆறு, வாய்க்கால், மதகு, கோயில், பாடசாலை, ஒவ்வொரு வீடும். சுண்ணாம்புத் தூள் போதும். வரையும் வேலையைப் பெண்களிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் கொடுங்கள், பேசுகிற அந்த மூன்று பேரையும் கொஞ்ச நேரம் தேநீர் போடவிடலாம். (பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே செய்து பாருங்கள்.) வரைந்து முடிந்ததும் ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. ‘எந்த இடத்தில் ஆளுக்கு ஆபத்து அதிகம்?’ என்று கேட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கொட்டைகளை அந்தந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். எண்ணுங்கள். அதற்குப் பிறகுதான் பேச்சு. ‘இந்த மதகடியில் இவ்வளவு கொட்டை ஏன் விழுந்தது?’ என்று கேட்டால், அதுவரை வாய் திறக்காத ஒரு தாய் சொல்லுவா: ‘அதாலதானே பிள்ளையள் பள்ளிக்கூடம் போறவை.’ பேச்சு முடிந்ததும் இரண்டாம் முறை கொட்டை வைக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை மாறியிருந்தால் சனம் ஒருவர் சொன்னதை ஒருவர் கேட்டிருக்கிறது என்று அர்த்தம். மாறாவிட்டாலும் பரவாயில்லை.

உத்தியோகத்தரை ஒதுக்காதீர்கள். கிராம அலுவலர் இல்லாமல் நிவாரணமும் இல்லை, பதிவும் இல்லை. 2005இன் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்த பிறகு மேலிருந்து கீழ்வரை ஒரு சங்கிலி இருக்கிறது, அதில் உங்களுக்குக் கைக்கெட்டுகிற கண்ணி அவர்தான். ஆனால் அவரைக் கடைசியில் பேசச் சொல்லிக் கேளுங்கள். முன்கூட்டியே, தனியாக, மரியாதையாக. நல்ல உத்தியோகத்தர் சம்மதிப்பார், ஏனென்றால் கூட்டம் முழுக்கத் தானே பேசவேண்டிய பாரம் அவருக்கும் அலுப்புத்தான்.

கூட்டத்தை எத்தனை மணிக்கு வைப்பீர்கள்? காலை பத்து மணி என்றால் கூலிக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். இதை அதிகம் சொல்லத் தேவையில்லை.

இரண்டாம் கூட்டத்தை ஒரு இரவாக நடத்துங்கள். உட்கார்ந்தபடியே ஒத்திகை. நடத்துகிறவர் சொல்லவேண்டும்: ‘இரவு பதினொரு மணி. மின்சாரம் இல்லை. தொலைபேசிக் கோபுரமும் வேலை செய்யவில்லை. வவுனியாவில் பின்னேரம் முழுக்க மழை. இப்போது செய்தி வந்திருக்கிறது, கதவு திறக்கப் போகிறார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?’ ஆளுக்கு ஆள் சொல்லட்டும். பத்து நிமிடம் கழித்து இன்னொரு செய்தியைப் போடுங்கள்: பிரதான வீதியில் தண்ணீர் குறுக்கறுத்துப் பாய்கிறது. பிறகு இன்னொன்று: ஒரு கர்ப்பிணித் தாய்க்கு வலி தொடங்கிவிட்டது. உங்கள் அலுமாரித் திறப்பு இந்த ஒத்திகையின் முதல் கால் மணி நேரத்திலேயே வெளியே வந்திருக்கும். வட்ஸ்அப் குழு இருக்கிறது, போதும் என்று சொல்லுகிற இளைஞர்களுக்கும் அந்த இரவில் கோபுரம் வேலை செய்யாது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். கோயில் மணி எப்போதும் வேலை செய்யும்.

இதை முன்கூட்டிச் செய்யவேண்டும் என்று நான் அழுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜப்பானில் இஷினோமாக்கி நகரத்தில் ஒக்காவா என்ற ஆரம்பப் பாடசாலை. 2011 மார்ச் 11 நிலநடுக்கம் வந்தபோது ஆசிரியர்கள் பிள்ளைகளை ஒழுங்காக மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கடல் வர ஏறத்தாழ ஐம்பது நிமிடம் இருந்தது. பாடசாலைக்குப் பின்னால் ஒரு குன்று. குன்றில் ஏறுவதா, பாலத்தடிக்குப் போவதா என்று அந்த மைதானத்தில் நின்று கலந்துபேசினார்கள். 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் போய்விட்டார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2018இல் செண்டாய் மேல்நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு முக்கியமானது: பிழை அந்த ஐம்பது நிமிடத்தில் மட்டும் இல்லை, அதற்கு முந்திய காலத்தில் எங்கே ஓடுவது என்று பாடசாலையும் கல்விச் சபையும் முடிவு செய்து வைக்காததில்தான். அடுத்த வருடம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. கலந்துபேசுவது நல்ல பழக்கம். தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்போது அது கொல்லும். 2004 மார்கழியில் முல்லைத்தீவுக் கரையில் ஏறத்தாழ 3,000 பேரைச் சுனாமிக்குக் கொடுத்தவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

ஆகவே கூட்டத்தின் முடிவு கருத்தாக இருக்கக்கூடாது, அடையாளமாக இருக்கவேண்டும். ‘நிலைமையைப் பார்த்து முடிவெடுப்போம்’ என்று பதிவேட்டில் எழுதினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். மதகுச் சுவரில் ஊரே பார்க்க மஞ்சள் கோடு ஒன்று, சிவப்புக் கோடு ஒன்று பூசுங்கள். எவ்வளவு உயரத்தில் என்பதை முந்திய வெள்ளங்களில் தண்ணீர் நின்ற இடத்தை வைத்து முதியவர்கள் சொல்லட்டும். மஞ்சளுக்குத் தண்ணீர் வந்தால் முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, மாடு. சிவப்புக்கு வந்தால் எல்லாரும். அந்த நேரத்தில் யாரும் வாக்குவாதம் செய்யக்கூடாது, வாக்குவாதம் புரட்டாதியிலேயே முடிந்துவிட்டது. யாராவது உடன்படவில்லை என்றால் அவருடைய எதிர்ப்பையும் பதிவேட்டில் எழுதுங்கள். எதிர்ப்பை எழுதி வைத்தால் ஆள் அடுத்த கூட்டத்துக்கும் வருவார். போகிற வழியை முடிவு செய்யும்போது, கண்ணிவெடி அகற்றப்படாத காணி எது, வெள்ளம் மண்ணை அரித்துப் பழைய வெடிபொருளை மேலே கொண்டுவரக்கூடிய இடம் எது என்பதையும் அந்தச் சுண்ணாம்பு வரைபடத்தில் குறியுங்கள். வேறு நாட்டுக் கையேடுகளில் இந்த வரி இருக்காது.

சுண்டிக்குளம் முகத்துவாரத்தைப் பற்றியும் பேசுங்கள். தண்ணீர் கடலுக்கு இறங்க அதை வெட்டிவிடுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். எப்போது, யார், எந்த இயந்திரத்தால் என்பது மட்டும் பெரும்பாலும் தண்ணீர் ஏறின பிறகுதான் தீர்மானமாகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது அங்கே முகத்துவாரத்தை அகலமாக்கும் வேலையில் இருந்த கடற்படையினர் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். கரையோர மீனவர் சங்கத்தையும் மேலே உள்ள கமக்காரர் அமைப்பையும் ஒரே நாளில் ஒரே மரத்தடியில் உட்காரவைக்கவேண்டிய விஷயம் இது. மீனவருக்கு இறால் கணக்கு, கமக்காரருக்கு வயல் கணக்கு. உங்கள் ஊர் நடுவில் இருக்கிறது, அழைப்பை நீங்களே விடலாம்.

இனி, எழுதத் தயங்குகிற ஒன்று. ‘முகாம்’ என்ற சொல். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கம்பிக்குள் இருந்தவர்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர்? அந்த ஆண்டு ஆவணி மழையில் அந்தக் கூடாரங்களுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அதைக் கண்டவரிடம் போய் ‘முகாமுக்கு வாங்கோ’ என்றால் அவர் வீட்டுக் கூரையில் ஏறி இருக்கத்தான் விரும்புவார். அதைப் பிடிவாதம் என்று உத்தியோகத்தர்கள் எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு அது ஞாபகம் என்று படுகிறது. நலன்புரி நிலையம் என்று பெயரை மாற்றினால் மட்டும் போதுமா? கூட்டத்தில் கேளுங்கள்: எந்தக் கட்டடம் என்றால் வருவீர்கள்? பெண்களுக்குத் தனி மலசலகூடம் இருக்கிறதா? இரவில் வெளிச்சம்? நினைத்த நேரத்தில் வெளியே போய் வரலாமா? வீட்டை யார் பார்ப்பார்கள்? வங்காளதேசத்தில் 1991 புயலில் ஆண்களைவிடப் பெண்கள் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். புயல் காப்பிடங்கள் பெண்கள் தங்கக்கூடியவையாக இல்லாததும், வீட்டு ஆண் வந்து சொல்லும்வரை காத்திருந்ததும் அதற்குக் காரணங்கள். இப்போது அங்கே புயல் எச்சரிக்கைத் தொண்டர்கள் 70,000க்கு மேல், அவர்களில் பாதிப்பேர் பெண்கள். பெண் வந்து கதவைத் தட்டினால் பெண் வெளியே வருகிறாள். உங்கள் எச்சரிக்கைக் குழுவில் எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பாருங்கள். சமையல் குழுவில் இருப்பவர்களை நான் கேட்கவில்லை.

மாமியின் விஷயத்துக்கு வருகிறேன். அவவிடம் வாதாடவேண்டாம். நாலு மாடு என்பது அவவுக்குப் பால், எரு, அவசரத்துக்கு விற்கிற காசு. சில பேருக்கு இடம்பெயர்வில் கைவிட்டுப்போன மாடுகளுக்குப் பிறகு மறுபடி ஒன்று ஒன்றாகச் சேர்த்தது. ‘உயிர்தான் முக்கியம்’ என்று நீங்கள் சொன்னால் அவ சிரிப்பா, ஏனென்றால் அது அவவுக்கும் தெரியும். அவவைக் கூட்டத்துக்குக் கூட்டி வாருங்கள். வரைபடத்தில் மாடு ஏறி நிற்கக்கூடிய திட்டி எது என்று கேளுங்கள். வேறு யாரையும்விட அவவுக்குத்தான் அது சரியாகத் தெரிந்திருக்கும், மாடு மேய்த்த கால் அல்லவா. மஞ்சள் கோட்டுக்குத் தண்ணீர் வந்ததும் ஊர் மாடுகளையெல்லாம் அந்தத் திட்டிக்கு ஓட்டிப் போகிற பொறுப்பை ஒரு பெடியனோடு சேர்த்து அவவின் பெயரிலேயே பதிவேட்டில் எழுதுங்கள். வைக்கோல் அங்கே ஐப்பசியிலேயே போய்ச் சேர்ந்துவிடவேண்டும், கயிற்றை அறுத்துவிட ஒரு கத்தியும் வேண்டும். மாடு முதலில் போனால் மாமி பின்னால் போவா. அலுமாரித் திறப்பின் இன்னொரு பிரதியையும் அவவிடமே கொடுத்துவிடுங்கள். அவ எப்போதும் வீட்டில் இருப்பவ, எதையும் தொலைக்கமாட்டா.